சைவ வீட்டுப் பிள்ளைக்கு நாடாப்புழுக் கட்டி: தடுப்பூசியை யாருக்குப் போட வேண்டும்?

வாசகர் கடிதம்: "எங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் போன மாதம் பள்ளியில் வலது கை வெட்டி வெட்டி இழுத்து, பிறகு நினைவு தப்பிவிட்டது. ஸ்கேன் எடுத்த டாக்டர், மூளையில் ஒரு சிறு கட்டி இருக்கிறது, பன்றி நாடாப்புழுவின் முட்டையால் வந்தது என்கிறார். பன்றி இறைச்சி பக்கமே போகாத பெண்ணுக்கு இது எப்படி வந்தது? பன்றிகளுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று படித்தேன். மனிதர்களுக்கு ஏன் இல்லை? மகனுக்காவது போட்டுவிடலாமா? எங்கள் தெருவில் பன்றிகள் திரிகின்றன. பிடித்துக்கொண்டு போகச் சொல்லி மனு கொடுக்கலாம் என்கிறார்கள் தெருக்காரர்கள். நீங்கள் கால்நடை மருத்துவர் என்பதால் கேட்கிறேன். – வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் வைத்தியம் பார்ப்பவன். உங்கள் மகளுக்கு என்ன மருந்து, எத்தனை மாதம் என்பதை அவளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்தப் புழுவோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். நம் நாட்டில் இந்த நோயில் அதிகம் காணப்படுவது ஒற்றைக் கட்டிதான். அதுவும் பெரும்பாலும் புழு செத்துக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பது. உயிரோடு இருக்கும்வரை அது உடம்பின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது. சாகத் தொடங்கும்போதுதான் சுற்றிலும் வீக்கம் வந்து வலிப்பைக் கிளப்புகிறது. இப்படிப்பட்ட கட்டி பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கி மறைந்துவிடும். இதை உலகத்துக்கு விளக்கிய ஆய்வுகளில் முக்கியமானவை உங்கள் ஊரிலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தவை. காசநோய்க் கட்டியிலிருந்து இந்தக் கட்டியைப் பிரித்தறிய அங்கிருந்த டாக்டர் ராஜசேகரும் டாக்டர் சாண்டியும் வகுத்த அடையாளங்களை இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன்பு, இது என்ன கட்டி என்று தெரியாமலே பலருக்கு மண்டையைத் திறந்திருக்கிறார்கள், மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்த அலைச்சல் இல்லை.

ஒன்றே ஒன்று. வலிப்பு மாத்திரையை, "இப்போதுதான் நன்றாக இருக்கிறாளே" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம். புழுக்கொல்லி மருந்து மூளையில் உள்ள கட்டியையும் தாக்கினால் வீக்கம் கூடி வலிப்பு திரும்ப வரலாம். அதனால்தான் அந்த மருந்து தேவைப்படும்போது ஸ்டீராய்டையும் சேர்த்து மருத்துவர் மேற்பார்வையில் கொடுப்பார்கள்.

சரி, சைவ வீட்டுக்குள் எப்படி வந்தது?

பன்றி இறைச்சி தின்றால் மூளையில் புழு வரும் என்றுதான் ஊரெல்லாம் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு குழப்பம். இந்தப் புழு இரண்டு உருவத்தில் வாழ்கிறது. கட்டியோடு இருக்கும் பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் ஒருவர் சாப்பிட்டால், அவர் குடலில் அது இரண்டு மூன்று மீட்டர் நீளமுள்ள நாடாவாக வளரும். அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூளைக்கும் அது போகாது. ஆனால் அவர் மலத்தில் புழுவின் கணுக்கள் கழன்று விழும். ஒவ்வொரு கணுவிலும் ஆயிரக்கணக்கான முட்டைகள், சில சமயம் ஐம்பதாயிரம் வரைக்கும். அந்த முட்டை யார் வயிற்றுக்குள் போகிறதோ அவர் உடம்பில்தான் கட்டி உண்டாகிறது. அவர் பன்றி இறைச்சி சாப்பிடுகிறவரா, இல்லையா என்பது முட்டைக்குத் தெரியாது. மலம் கழித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாத ஒருவர் தொட்ட சட்னி போதும். மலம் கலந்த தண்ணீரில் விளைந்து, பச்சையாகத் தூவப்பட்ட கொத்தமல்லி போதும்.

இதற்கு நியூயார்க்கிலிருந்தே ஒரு சாட்சி இருக்கிறது. பன்றி இறைச்சியை மத விலக்காகத் தொடாத யூதக் குடும்பங்கள் சிலவற்றில் மூளைக் கட்டியும் வலிப்பும் வந்ததை 1992-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தேடிப் பார்த்தபோது, நாடாப்புழு பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அங்கே வீட்டு வேலைக்கு வந்தவர்களிடமிருந்து முட்டை வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த வேலைக்காரப் பெண்களைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் குடலில் புழு இருப்பது அவர்களுக்கே தெரியாது.

முட்டை எப்போது உள்ளே போனது என்று இப்போது யோசித்துப் பயனில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வலிப்பு வந்ததை இங்கிலாந்து ராணுவ மருத்துவர்கள் பல்லாண்டு பின்தொடர்ந்தார்கள். 1961-இல் வெளியான அந்த அறிக்கையில் 450 பேர். முட்டை உள்ளே போய்ப் பல வருடம் கழித்து வலிப்பு வந்தவர்கள் அதில் ஏராளம். ஆகவே மகள் போன மாதம் சாப்பிட்ட பானிபூரிக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்று செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பவர்கள், சமையலுக்கு உதவிக்கு வருபவர் இருந்தால் அவரும், மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒருமுறை பார்த்து "இல்லை" என்று வந்தாலும் நம்ப முடியாது. இரண்டு மூன்று நாள் மாதிரி கொடுப்பது நல்லது. மலத்தில் வெள்ளையாக, தட்டையாக, நாடாத் துண்டு போல எதையாவது பார்த்தார்களா என்றும் கேளுங்கள். புழு இருந்தால் மருத்துவர் கொடுக்கும் மருந்தில் போய்விடும். வேலைக்கு வருபவரிடம் கேட்கும்போது அவர் மனம் நோகாமல் கேளுங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் செய்துகொள்வதால் அவரும் செய்துகொள்கிறார் என்றுதான் அது இருக்க வேண்டும்.

இனி தடுப்பூசிக்கு வருகிறேன். நீங்கள் படித்தது உண்மைதான். இந்தப் புழுவுக்கு எதிராகப் பன்றிக்குப் போடும் தடுப்பூசி இருக்கிறது. அதைத் தயாரிப்பதும் எங்கோ ஐரோப்பாவில் இல்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் 'சிஸ்வாக்ஸ்' என்ற பெயரில் தயாரிக்கிறது. தேசிய பால்வள வாரியத்துக்குச் சொந்தமான நிறுவனம் அது.

இந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், மகனுக்கு ஏன் போட முடியாது, பன்றிக்கு ஏன் போட வேண்டும் என்ற இரண்டுமே விளங்கும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புழுவுக்குத் தடுப்பூசி என்பது கிருமிக்குத் தடுப்பூசி போல இல்லை. வைரஸ் மிகச் சிறியது. சில புரதங்கள்தான் அதன் உடம்பு. நாடாப்புழு ஒரு முழு விலங்கு. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு எத்தனையோ வழியில் தண்ணி காட்டத் தெரிந்தது. கட்டி ஒருமுறை தசைக்குள் உட்கார்ந்துவிட்டால், சுற்றிலும் எதிர்ப்பொருள் நிறைந்திருந்தும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கூட உயிரோடு இருக்கும். குடலுக்குள் தொங்கும் பெரிய புழுவையும் எதிர்ப்புச் சக்தி லேசில் அசைக்காது. இத்தனை வருடமாகியும் மனிதருக்கான ஒட்டுண்ணித் தடுப்பூசிகள் ஏன் அரிதாக இருக்கின்றன என்பதற்கு இதுவே பெரும் காரணம்.

ஆனால் நாடாப்புழு வகையில் ஒரு விசித்திரத்தை ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலம் முன்பே கவனித்திருந்தார்கள். ஏற்கெனவே கட்டி இருக்கும் ஆட்டுக்குப் புதிதாக முட்டை கொடுத்தால், புதுக் கட்டி வருவதில்லை. பழைய கட்டி சௌகரியமாக இருக்கிறது, புதிதாக வருவது மட்டும் செத்துப்போகிறது. அப்படியென்றால் புழுவின் வாழ்க்கையில் எங்கோ ஒரு இடத்தில் அது பலவீனமாக இருக்கிறது. அந்த இடம் முட்டையிலிருந்து வெளிவரும் ஆறு கொக்கி உள்ள கரு. குடலில் முட்டை வெடித்து, அந்தக் கரு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறித் தசைக்குப் போய்ச் சேர்ந்து கட்டியாக உருமாறும் அந்தச் சில நாட்களில் அதற்குக் கவசம் இல்லை. அதன் மேல் உள்ள புரதத்தை அடையாளம் கண்ட எதிர்ப்பொருள் இரத்தத்தில் தயாராக இருந்தால், அது கருவின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே இரத்தத்தில் எப்போதும் இருக்கும் 'காம்ப்ளிமென்ட்' புரதங்கள் வந்து கருவைப் பொத்தல் போட்டுக் கொன்றுவிடுகின்றன.

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆட்டு இறைச்சி ஏற்றுமதி பெரிய தொழில். அங்கே நாயின் குடலில் வளர்ந்து, ஆட்டுத் தசையில் கட்டி உண்டாக்கும் ஒரு நாடாப்புழு உண்டு. மனிதரைத் தொடாது. ஆனால் கட்டி தெரிந்தால் இறைச்சியைத் தள்ளிவிடுவார்கள். அந்த நஷ்டத்தைத் தடுக்கத்தான் முதல் முயற்சி நடந்தது. கொக்கிக் கருக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றிலிருந்து எடுத்த சத்தை ஆட்டுக்கு ஊசியாகப் போட்டால் பாதுகாப்பு கிடைப்பது 1970-களுக்குள் தெளிவாகிவிட்டது. ஆனால் அதற்குப் புழு முட்டை வேண்டும். புழு வேண்டுமானால் நாய்க்குக் கட்டியைத் தின்னக் கொடுத்து வளர்க்க வேண்டும். அப்படி லட்சக்கணக்கான ஆடுகளுக்கு ஊசி தயாரிக்க முடியுமா? மெல்போர்னில் மைக்கேல் ரிக்கார்ட், மார்ஷல் லைட்டவுலர்ஸ், நியூசிலாந்தில் டேவிட் ஹீத் முதலானவர்கள் சேர்ந்து, அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பிரித்து, சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவையே அந்தப் புரதத்தைச் செய்ய வைத்தார்கள். 1989-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் முடிவு வந்தது. 94 சதவீதம் வரை பாதுகாப்பு. மரபணு மாற்றத் தொழில்நுட்பத்தில் செய்த ஒரே ஒரு புரதத்தைக் கொண்டு ஒரு ஒட்டுண்ணியை இவ்வளவு நன்றாகத் தடுக்க முடியும் என்று உலகம் பார்த்தது அப்போதுதான். நாங்கள் துறையில் இருந்தவர்கள் அந்தக் கட்டுரையைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம்.

அந்த ஊசி கடைசியில் விற்பனைக்கு வரவில்லை. நாய்க்கு மாத்திரை கொடுத்தே அந்தப் புழுவைக் கட்டுப்படுத்திக்கொண்டார்கள். ஆனால் அந்த உழைப்பு வீண்போகவில்லை. அதே வழியில் போய், ஆட்டின் கல்லீரலிலும் நுரையீரலிலும் மனிதருடைய கல்லீரலிலும் பெரிய நீர்க்கட்டி உண்டாக்கும் நாய் நாடாப்புழுவுக்கு எதிராக 'ஈஜி 95' என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். 1996-இல் வெளியான அந்த ஆய்வில் ஆடுகளுக்கு 96 முதல் 98 சதவீதம் பாதுகாப்பு. இன்று அர்ஜென்டினாவிலும் சீனாவிலும் அந்த ஊசியைத் தயாரித்து ஆடுகளுக்குப் போடுகிறார்கள்.

அடுத்து நம் பன்றிப் புழு. இதில் கஷ்டம் வேறு மாதிரி. இதன் முட்டை மனிதர் குடலில் மட்டுமே உண்டாகும். ஆராய்ச்சிக்கு முட்டை வேண்டுமானால் புழு உள்ள நோயாளி கிடைக்க வேண்டும். கிடைத்தாலும், அந்த முட்டையைக் கையாளும் ஆராய்ச்சியாளருக்கே அது மூளைக்குப் போகக்கூடிய ஆபத்து. அப்படியும் செய்தார்கள். 'டிசால் 18' என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து மெக்சிகோவிலும் கேமரூனிலும் பெருவிலும் பன்றிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பாதுகாப்பு 99, 100 சதவீதம். தடுப்பூசி ஆராய்ச்சியில் இப்படி ஒரு எண் கிடைப்பது அபூர்வம்.

ஆய்வகத்தில் அளந்து முட்டை கொடுப்பது வேறு, ஊருக்குள் பன்றி தானாகத் திரிவது வேறு. அதையும் சோதித்தார்கள். கேமரூனில் வீட்டுக்கு இரண்டு குட்டியாகக் கொடுத்து, ஒன்றுக்கு ஊசியும் புழுமருந்தும் கொடுத்தார்கள், மற்றதை அப்படியே விட்டார்கள். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே சேற்றில், ஒரே குப்பையில் வளர்ந்தன. ஒரு வயதானதும் அறுத்துப் பார்த்தபோது, ஊசி போடாத பன்றிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் கட்டி. ஊசி போட்ட பன்றிகளில் ஒன்றில்கூட இல்லை. 2010-இல் வெளியான ஆய்வு அது. பிற்பாடு நேபாளத்தில் பாங்கே மாவட்டத்திலும், தான்சானியாவிலும், உகாண்டாவிலும் இதே கூட்டு முறையைச் செய்து பார்த்து நல்ல பலன் கண்டார்கள்.

ஏன் கூட்டு முறை? ஊசி புதிதாக வரும் கருவை மட்டும்தான் தடுக்கும். ஊசிக்கு முன்பே தசையில் உட்கார்ந்துவிட்ட கட்டியை ஒன்றும் செய்யாது. அதற்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற மருந்து. எடைக்கு ஏற்பக் கிலோவுக்கு 30 மில்லிகிராம், வாய்வழியாக ஒரே தடவை. அது பழைய கட்டியைக் கொல்கிறது, ஊசி புதுக் கட்டியைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அந்தப் பன்றியிலிருந்து மனிதருக்குப் புழு போகாது. ஆனால் ஒரே ஊசியில் வேலை முடியாது. முதல் ஊசி உடம்புக்கு அடையாளம் காட்டும். மூன்று நான்கு வாரம் கழித்துப் போடும் இரண்டாவது ஊசிதான் பலமான எதிர்ப்பைத் தரும்.

இதைக் காகிதத்தில் எழுதுவது சுலபம். பன்றியைப் பிடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். மாட்டைப் போல அது கொம்பைக் கொடுத்துக்கொண்டு நிற்காது. குட்டியாக இருந்தால் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிவிடலாம். வளர்ந்ததை மேல்தாடையில் கயிற்றுச் சுருக்குப் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். சுருக்கு விழுந்த கணத்திலிருந்து அது போடும் கூச்சலில் பக்கத்துப் பேச்சு காதில் விழாது. ஒருவர் கயிற்றை இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில் ஊசியை இறக்க வேண்டும். கையோடு வாயைத் திறந்து, துணியால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்து, நாக்கின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்போம். கட்டி அதிகம் உள்ள பன்றியானால், வெந்த ஜவ்வரிசி போல ஒளி ஊடுருவும் சின்னச் சின்ன உருண்டைகள் தட்டுப்படும், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு. அந்த வெள்ளைப் புள்ளிதான் புழுவின் தலை. கட்டி குறைவாக இருந்தால் நாக்கில் ஒன்றும் தெரியாது. அதனால் நாக்கு சுத்தம் என்றால் பன்றி சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஊசி போட்ட அதே பன்றியை மூன்று வாரம் கழித்து மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். தெருவில் திரிவதைப் பட்டியில் அடைத்து வைக்க வளர்ப்பவர் ஒத்துழைக்காவிட்டால் இது நடக்காது.

இப்போது உங்கள் கேள்வி. மகனுக்கு ஏன் போட முடியாது?

கொள்கையளவில், கொக்கிக் கருவைத் தடுக்கும் ஊசி மனிதருக்கும் வேலை செய்யலாம். ஆனால் விலங்குக்கு உரிமம் பெற்ற ஊசியை மனிதருக்குப் போட முடியாது. போடவும் கூடாது. மனிதருக்கென்று ஒன்றைச் செய்ய வேண்டுமானால், பல வருடம், பல்லாயிரம் பேரிடம் பரிசோதனை நடத்த வேண்டும். மூளைக் கட்டி பல வருடம் கழித்தே வெளியே தெரிகிறது என்று மேலே சொன்னேன். அப்படியென்றால் ஊசி போட்டவருக்குப் பலன் கிடைத்ததா என்று தெரிய எத்தனை காலம் காத்திருப்பது? அதோடு, தயாரிக்கும் கம்பெனிக்கு இதில் லாபம் இல்லை. இந்தப் புழு வாட்டுவது ஏழை நாடுகளில் ஏழை ஊர்களை.

நான் மனிதர் ஊசிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. இந்தப் புழுவின் சுற்றில் இரண்டே இரண்டு பேர்தான். மனிதர், பன்றி. வேறு விலங்கு வழியாக அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. பன்றியில் கட்டி இல்லையென்றால் யார் குடலிலும் புதிய நாடாப்புழு வளராது. பழைய புழுவும் சில வருடங்களில் செத்துப்போகும். நாடாப்புழு இல்லையென்றால் முட்டை இல்லை. முட்டை இல்லையென்றால் உங்கள் மகன் மட்டுமல்ல, ஊரில் இனிப் பிறக்கப்போகும் பிள்ளையும் தப்பிக்கும். பன்றி ஒரு வருடத்துக்குள் இறைச்சிக்குப் போய்விடுகிறது. மனிதரைப் போல எழுபது வருடம் அதற்குப் பாதுகாப்பு தர வேண்டியதில்லை. ஆகவே மகனுக்கான தடுப்பூசியைப் பன்றியின் கழுத்தில்தான் போட வேண்டும். நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இது கனவு இல்லை. 1990-களின் தொடக்கத்திலேயே, உலகிலிருந்து ஒழிக்கக்கூடிய நோய்கள் எவை என்று ஆராய்ந்த சர்வதேசக் குழு, விரல்விட்டு எண்ணக்கூடிய நோய்களைப் பட்டியலிட்டது. இந்தப் புழு அதில் ஒன்று. பெருவின் வடகோடியில் தும்பெஸ் என்ற பகுதியில் அதைச் செய்தும் காட்டினார்கள். ஆராய்ச்சியாளர் எக்டர் கார்சியாவும் அவர் குழுவும் மக்களுக்குப் புழுமாத்திரை, பன்றிக்கு மருந்து, பன்றிக்கு இந்தத் தடுப்பூசி என்று படிப்படியாகக் கொண்டுபோனார்கள். கடைசிக் கட்டத்தில் 107 கிராமங்களில் 105-இல் புழு பரவுவது நின்றுபோனது. 2016-இல் வெளியான அறிக்கை. எல்லா வீட்டுக்கும் கழிப்பறை கட்டி முடிக்கும்வரை காத்திருக்காமலே இதைச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு ஏன் இங்கே நடக்கவில்லை? விஞ்ஞானம் இதில் தன் பங்கைச் செய்துவிட்டது. இடிப்பது காசு. கட்டி உள்ள பன்றி நோயாளிபோல் தெரிவதே இல்லை. நன்றாகத் தின்னும், எடை போடும், குட்டி போடும். வளர்ப்பவருக்கு அதனால் ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. பல இடங்களில் பன்றி முறையான அறுவைக்கூடத்துக்கே போவதில்லை. பரிசோதனை இல்லாத இடத்தில், கட்டி இல்லாத இறைச்சிக்கு யார் கூடுதல் விலை தருவார்கள்? பன்றிகளையே தாக்கும் பன்றிக் காய்ச்சலுக்கு (மனிதருக்கு வரும் ஃப்ளூ இல்லை) ஊசி போடச் சொன்னால் வளர்ப்பவர் போடுவார். அந்தக் காய்ச்சல் வந்தால் பட்டியே காலியாகும். நாடாப்புழுக் கட்டிக்கு அவர் ஏன் தன் கைக்காசைப் போட வேண்டும்? பலன் முழுவதும் முன்பின் தெரியாத ஒரு பள்ளிப் பெண்ணுக்குப் போகிறது. இதை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அரசுதான் இதைச் சுமக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். 2019 முதல் கோமாரி நோய்க்கும் கருச்சிதைவு நோய்க்கும் மத்திய அரசே முழுச் செலவையும் ஏற்றுத் தடுப்பூசி போடுகிறது. வீடு வீடாகப் போகும் ஆட்களும், குளிர்ப்பெட்டியும், பதிவேடும் கால்நடைத் துறையில் ஏற்கெனவே இருக்கின்றன. பன்றி உள்ள ஊர்களில் அதே வேலையோடு இதையும் சேர்ப்பதற்குப் புதிய இலாகா தேவையில்லை. வேலூர் மாவட்டத்தில் மருத்துவர்கள் வீடுவீடாகப் போய் எடுத்த கணக்கில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் இந்தப் புழு பரவியுள்ள பகுதிகளில் வலிப்புக்கு அதே அளவு பங்கைச் சொல்கிறது. தடுக்கக்கூடிய வலிப்பில் இதைவிடப் பெரியது எது? வேலை போகிறது, படிப்பு நிற்கிறது, பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு முறிகிறது. வலிப்பு உள்ள வீட்டில் இதெல்லாம் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு எதிரே சில ஊசிகளின் விலை எம்மாத்திரம்.

கடைசியாகத் தெருக்காரர்கள் சொல்லும் மனு. பன்றிகளைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லும் மனுவில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். பிடித்துப் போனால் பன்றி பக்கத்து ஊரில் விற்கப்படும், கட்டியோடு. வளர்ப்பவரின் பிழைப்பும் போகும். அவரோடு உங்களுக்கு இருக்கும் பேச்சுவார்த்தையும் முறிந்துவிடும். பன்றிக்குப் புழு எங்கிருந்து வந்தது? மனிதர் மலத்திலிருந்து. அந்தச் சுற்றை ஆரம்பித்து வைத்தது நாம்தான். பன்றி வளர்க்கும் குடும்பங்களை ஊர் ஏற்கெனவே ஒதுக்கிவைத்திருக்கிறது. வலிப்புப் பழியையும் அவர்கள் மேல் போட்டால், குடலில் புழு இருப்பவர் பரிசோதனைக்கே வரமாட்டார்.

அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள். கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். எங்கள் ஊரில் ஒரு குழந்தைக்கு நாடாப்புழுக் கட்டியால் வலிப்பு வந்திருக்கிறது. ஆகவே கால்நடை உதவி மருத்துவர் ஊருக்கு வந்து பன்றிகளைக் கணக்கெடுத்து, நாடாப்புழுத் தடுப்பூசியும் ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்தும் அரசுச் செலவில் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மருந்து கொடுத்த பன்றியை எத்தனை நாள் இறைச்சிக்கு அறுக்கக் கூடாது என்பதை வளர்ப்பவருக்குச் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் ஊர்மக்களுக்கு நாடாப்புழுப் பரிசோதனையும் சிகிச்சையும் தர வேண்டும். பன்றிப் பட்டி கட்ட வளர்ப்பவருக்கு உதவி தர வேண்டும். பழுதான பொதுக் கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டும். இந்த மனுவில் பன்றி வளர்ப்பவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். ஆக்ஸ்ஃபெண்டசோல் மற்றக் குடற்புழுக்களையும் கொல்வதால் குட்டிகள் நன்றாக எடை போடும் என்று சொல்லுங்கள். அவருக்கும் அதில் ஒரு லாபம் இருக்கிறது, விருப்பத்தோடு கையெழுத்துப் போடுவார்.

மனுவின் ஒரு பிரதியைக் கால்நடைத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கும் இன்னொன்றை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். ஊசி உடனே வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இப்படி ஊர் ஊராகக் கோரிக்கை போனால்தான் அது துறையின் திட்டத்தில் ஏறும்.

அதுவரை வீட்டில்: கீரையையும் கொத்தமல்லியையும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் முட்டை சாகாது, வேகவைத்தால் சாகும். சமைப்பதற்கு முன்பும் கழிப்பறை போய்வந்த பிறகும் சோப்பு. மகனுக்குத் தனியாக எந்த மருந்தும் வேண்டாம், பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை வழக்கம்போல் சாப்பிடட்டும். ஆனால் மகளுக்குப் பள்ளியில் அந்த மாத்திரையைக் கொடுக்கும் நாளுக்கு முன்பே ஆசிரியரிடம் விவரம் சொல்லி வையுங்கள், அவளுடைய மருத்துவரைக் கேட்டுத்தான் அவள் சாப்பிட வேண்டும்.